குளக்கரை விடுதியைத் திருத்தப் போகிறீர்களா? கூரையில் தொடங்குங்கள்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் இடையில் இறங்கி, காட்டுப் பாதையால் உள்ளே போனால் ஒரு சிறு குளம் வரும். அதன் கரையில் எங்கள் ஊர்ச் சுற்றுலா விடுதி இருக்கிறது. நான்கு குடில்கள், ஒரு பொதுக் கொட்டில், ஒரு குசினி. மாதர் சங்கமும் நன்னீர் மீன்பிடிச் சங்கமும் கமக்கார அமைப்பும் சேர்ந்து நடத்துகிறோம். போர் முடிந்து மீள்குடியேறிய சில வருடங்களில் ஒரு திட்டத்தின் மூலம் கட்டித் தந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலோடு ஆட்கள் வருவது குறைந்தது, 2020 இல் கொரோனாவோடு முழுதாகப் பூட்டினோம், 2022 இல் எரிபொருளே கிடைக்காத நிலையில் திறக்கும் பேச்சுக்கே இடமில்லை. பிறகு திருத்துவதற்கு ஒரு நிறுவனம் பணம் தர முன்வந்தது. மூன்று சங்கங்களும் கூடிய கூட்டத்தில் பொறுப்பெடுக்க ஒருவரும் கை தூக்கவில்லை. மாதர் சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் எடுத்தேன். அந்த வேலை என்னை எவ்வளவு அலைக்கழித்தது என்பதை இப்போதுதான் ஆறுதலாக இருந்து எழுத முடிகிறது. இதே மாதிரி வேலையில் இறங்கப் போகிற வேறொரு ஊர்ச் சங்கத்துக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எனக்கு அப்படிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

முதலில் விடுதி இருந்த நிலை. சுவர்கள் மண் சுவர்கள்தான், வரிச்சுக் கட்டி மண் அப்பியவை. ஆனால் கட்டித் தந்தவர்கள் அதன் மேல் கம்பி வலை அடித்து சீமெந்துப் பூச்சுப் போட்டிருந்தார்கள். கூரைக்குத் தகரம். பார்வைக்கு உறுதியான கட்டடம். உள்ளே பங்குனி, சித்திரை வெயிலில் இருக்கவே முடியாது. வந்தவர்கள் பாயைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய்ப் படுத்த இரவுகள் உண்டு. பூட்டியிருந்த காலத்தில் சுவரின் அடியில் பூச்சு புடைத்துக்கொண்டு வந்திருந்தது. ஒரு இடத்தில் தட்டிப் பார்த்தோம். பலகை மாதிரி ஒரு துண்டு கழன்று விழ, உள்ளே வரிச்சுத் தடிகள் முழுக்கக் கறையான். மண் கையில் எடுத்தால் பிசையலாம் போல ஈரமாக இருந்தது, அதுவும் ஆவணி மாத வரட்சியில்.

எங்கள் ஊரில் மண் வீடு கட்டத் தெரிந்த ஒரு பெரியையா இருக்கிறார். அவரைக் கூட்டிவந்து காட்டினேன். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “பிள்ளை, மண் சுவர் மூச்சு விட வேணும். இவை அதுக்கு றெயின்கோட் போட்டு மூடி விட்டிருக்கினம்” என்றார். பிறகு வாசித்தும் கேட்டும் தெரிந்துகொண்டது, அவர் சொன்னதேதான். நிலத்திலிருந்து ஏறுகிற ஈரமும் வெடிப்புகளால் இறங்குகிற மழைத்தண்ணீரும் மண் சுவருக்குள் வந்தே தீரும். மண்ணோ சுண்ணாம்போ பூசியிருந்தால் அது காய்ந்து வெளியே போகும். சீமெந்துப் பூச்சு அதை விடாது. மண் ஈரத்தில் ஊதி, காய்ந்தால் சுருங்கும். சீமெந்து அப்படி அசையாது. அதனால் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழுகிறது, தண்ணீர் அங்கே தேங்குகிறது, கறையானுக்கு இருட்டும் ஈரமும் உள்ள பாதை கிடைக்கிறது. பழைய மண் கட்டடத்தைத் திருத்த வருகிற எந்த மேசனும் முதலில் சொல்வது “சீமெந்து பூசினால் பலமாக இருக்கும்” என்பதுதான். மண் சுவருக்கு மட்டும் அதைக் கேட்காதீர்கள்.

அடுத்தது அனுமதிகள். வன்னியில் குளக்கரையில் ஒரு தடி நடுவதென்றாலும் காணி யாருடையது என்ற கேள்வி வரும். எண்பது ஹெக்டயருக்குக் குறைவான வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிற சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழும், பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழும் வருகின்றன. குளத்தின் ஒதுக்குப் பகுதியில் புதிதாக எதுவும் எழுப்ப முடியாது. பழைய அத்திவாரத்தின் மேல் திருத்துவது வேறு விடயம், ஆனால் அதுவும் எழுத்தில் வேண்டும். பிரதேச சபைக்குத் தனியாக. காட்டில் வரிச்சுத் தடி வெட்டுவதென்றால் வனத் திணைக்களத்துக்குத் தனியாக. ஊரவர்கள் காலங்காலமாகத் தடி வெட்டிய காடு இப்போது ஒதுக்குக் காடாக எல்லைக்கல் போடப்பட்டிருக்கலாம், போய்க் கேட்காமல் வெட்டினால் கத்தி பிடித்த பிள்ளைதான் நீதிமன்றம் போக வேண்டும். ஒரு அலுவலகத்தில் என் கடிதம் மேசை மாறி மேசை மாறி ஒரு முழுப் பருவத்தைத் தின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் பஸ் பிடித்துப் போய், மத்தியானம் வரை வாங்கில் இருந்து, “ஐயா வெளியில போட்டார்” என்று கேட்டுத் திரும்புகிறபோது அழுகை வரும். கடிதத்தின் பிரதி ஒன்றில் திகதியோடு முத்திரை வாங்கி வையுங்கள். பிறகு எனக்கு உதவியது அந்த முத்திரைதான்.

மண் எடுப்பதைப் பற்றி வன்னிக்கு வெளியில் இருந்து வருபவர்கள் யோசிப்பதே இல்லாத ஒரு விடயம் உண்டு. எங்கே தோண்டலாம்? எங்கள் பக்கத்தில் 2009 க்குப் பிறகு கண்ணிவெடி அகற்றி விடுவித்த நிலமும் உண்டு, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நின்ற நிலமும் உண்டு. ஆழமாகத் தோண்டப் போகிற இடத்தை முதலில் கிராம அலுவலருக்குக் காட்டி, விடுவிக்கப்பட்ட காணிதானா என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே மண்வெட்டியைத் தொட்டோம். ஒரு இடத்தில் மண் மிக நன்றாக இருந்தது, ஆனால் துருப்பிடித்த ஒரு பொருள் தெரிந்தது. எல்லாரையும் அப்படியே நிற்க வைத்து, வந்த தடத்திலேயே திரும்பி, பொலிசுக்கு அறிவித்தோம். அந்த இடத்தை அத்தோடு விட்டுவிட்டோம். இதில் நேரம் மிச்சம் பிடிக்க வேண்டாம். வேலைக்கு வருகிற எங்கள் பெண்களில் பலர் ஏற்கெனவே குடும்பத்தில் ஒருவரை இழந்தவர்கள்.

கடைசியில் மண் குளத்துக்குள் இருந்தே வந்தது. சிறுபோகம் முடிந்து தண்ணீர் இறங்கி அலைகரை காய்ந்த நேரத்தில், கமநல சேவை நிலையத்திடமும் கமக்கார அமைப்பிடமும் கேட்டு, அவர்கள் காட்டிய இடத்தில் மட்டும், குளக்கட்டுக்கும் தண்ணீர் திறக்கிற துருசுக்கும் தள்ளி எடுத்தோம். அந்த மண்ணைப் பார்த்து எல்லாருக்கும் சந்தோசம், கறுப்பாக, வழுவழுப்பாக. பெரியையா மட்டும் தலையாட்டவில்லை. ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றிலொரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, கொஞ்சம் உப்புப் போட்டுக் குலுக்கி வைக்கச் சொன்னேன், இது நான் வாசித்து அறிந்த முறை. மணல் உடனே அடியில் இறங்கும், அதன் மேல் வண்டல், களி கடைசியில். அடுத்த நாள் பார்த்தால் ஏறக்குறைய பாதி களி. சுவருக்குக் கால்பங்கு களி போதும், அதற்கு மேல் போனால் காய்கிறபோது வெடிக்கும். குளத்துக்கு நீர் வரும் வாய்க்காலில் ஒதுங்கியிருந்த மணலைக் கலந்தோம். வெட்டிய வைக்கோல் போட்டு, தண்ணீர் விட்டு, மிதித்து, மூடிப் புளிக்க விட்டு, மறுபடி மிதித்தோம். சுவரில் ஒரு முழச் சதுரத்துக்குப் பல கலவைகளைப் பூசிப் பார்த்து, வெடிக்காததைத் தெரிவு செய்தோம். போத்தலும் இந்தச் சோதனைப் பூச்சும் செலவில்லாத வேலை. எந்தப் பொறியியலாளர் வந்தாலும் வராவிட்டாலும் இதைச் செய்துவிட்டுத்தான் சுவரைத் தொட வேண்டும். வைக்கோல் கட்டுகளை வேலிக்குள் வையுங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திறந்து கிடந்தால் கட்டாக்காலி மாடுகள் ஒரே இரவில் முடித்துவிடும், காயாத சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிற வைக்கோலையும் இழுக்கும்.

இனித்தான் உண்மையான துன்பம். பணம் இரண்டு தவணைகளாக வருவதாக ஒப்பந்தம், மொத்தம் முப்பத்திரண்டு இலட்சம் ரூபாய். முதல் தவணைக்கு சுவர், இரண்டாம் தவணைக்குக் கூரை. சுவர் முடிந்த படங்களை அனுப்பினால்தான் கூரைக்குப் பணம். அதுவும் அவர்களின் வருட முடிவான மார்கழிக்குள். பணம் எங்கள் கணக்குக்கு வந்தபோது புரட்டாதி நடுப்பகுதி. வன்னியில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும், ஐப்பசி பிறந்தால் மாரி, கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். நான் எழுதினேன், தொலைபேசியில் பேசினேன், கூரையை முதலில் போட விடுங்கள் அல்லது சித்திரைக்குத் தள்ளுங்கள் என்று கெஞ்சினேன். திட்டத்தில் வரிசை அப்படித்தான் இருக்கிறது, மாற்ற முடியாது, மாற்றினால் பணம் திரும்பிவிடும் என்றார்கள். சங்கக் கூட்டத்தில் பணத்தை விட எவருக்கும் மனமில்லை. சரி என்று தொடங்கினோம்.

பழைய தகரத்தைக் கழற்றியாயிற்று, ஏனென்றால் உக்கிப்போன தடிகளை மாற்றுவதற்கு அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். சீமெந்தை உரித்து, தடி மாற்றி, மண் அப்பி, இரண்டு குடில்களின் சுவர் ஆள் உயரம் வந்த நேரத்தில் மழை பிடித்தது. தறப்பாள் கட்டினோம். வாடைக்காற்று தறப்பாளைக் கிழித்தது. இரவு ரோச் லைட்டோடு நாங்கள் ஐந்தாறு பெண்கள் நின்று ஓட்டைகளைப் பிடித்துக்கொண்டிருக்க, கண்ணுக்கு முன்னால் சுவர் வழுகி இறங்கியது. இரண்டு சுவர்கள் முழுதாக, மற்றவை பாதி. மண்ணுக்குக் காசு இல்லை என்று சொல்வார்கள். ஆனால் அதை மிதித்த, சுமந்த, அப்பிய கூலி இரண்டரை இலட்சத்துக்கு மேல். அந்த இரவில் எனக்கு வந்தது கவலையைவிடக் கோபம். ஆனி, ஆடியில் வந்திருந்தால் போதுமாக இருந்த பணம் அது.

அதனால் யார் பணம் தந்தாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன் இரண்டு விடயங்களை எழுத்தில் மாற்றச் சொல்லுங்கள். ஒன்று, கூரைதான் முதல் தவணை. தூண்களை நட்டு, கூரையை ஏற்றி, அந்த நிழலுக்குள் நின்றுதான் மண் வேலை செய்ய வேண்டும். எங்கள் முன்னோர் கட்டிய முறையும் அதுதான், தூண், வளை, கூரை, கடைசியில் சுவர். இரண்டு, மண் வேலைக் காலம் தை கடைசி தொடக்கம் ஆவணி வரை என்று எழுதுங்கள். அவர்களின் வருடம் மார்கழியில் முடிகிறதென்றால் அவர்களின் கணக்காளர் அதற்கு ஒரு வழி பார்க்கட்டும். அடுத்த வருடம் நான் இதையே உடைந்த சுவரின் படங்களோடு எழுதிக் கேட்டபோது வரிசையை மாற்றித்தான் தந்தார்கள். முடியாதென்று சொன்ன அதே ஆட்கள்.

கூரை வேலை இன்னொரு பாடம். தகரத்துக்குப் போட்டிருந்த சரிவு மிகத் தாழ்வு. அதே சட்டத்தின் மேல் ஓலையைப் போட்டால் தண்ணீர் ஓடாமல் ஊறி, உள்ளே ஒழுகும், ஓலையும் சீக்கிரம் உக்கும். ஓலைக்கு நாற்பத்தைந்து பாகைக்குக் குறையாத சரிவு வேண்டும். தாழ்வாரமும் சுவரை விட்டு இரண்டு முழமாவது வெளியே நிற்க வேண்டும். பழைய தாழ்வாரம் ஒரு சாண்தான். சாரல் சுவரில் அடித்ததும், அதற்காக சீமெந்து பூசியதும், அதனால் கறையான் வந்ததும் எல்லாம் அந்த ஒரு சாணில் தொடங்கியவை என்று இப்போது விளங்குகிறது.

ஆக, சட்டம் முழுக்கப் புதிதாக வேண்டும், பனைமரத்தைப் பிளந்தெடுக்கிற பனஞ்சிலாகை வாங்க வேண்டும். வன்னியில் பனைக்கு வந்த அழிவு தெரிந்ததுதான். செல்லடியில் தலை போனவை, பங்கருக்குக் குற்றியாகத் தறிக்கப்பட்டவை. மிஞ்சியதைத் தறிப்பதற்குப் பிரதேச செயலக அனுமதி வேண்டும், ஏற்றிவரவும் அனுமதி வேண்டும். அந்த அலைச்சலைத் தவிர்க்க, எல்லாப் பத்திரமும் தன்னிடம் உண்டு என்ற ஒரு மரவியாபாரிக்கு ஒரு இலட்சத்து எண்பதாயிரம் முற்பணம் கொடுக்க சங்கம் தீர்மானித்தது. வந்து இறங்கியதில் பாதிக்கு மேல் இளம் பனை. வெளியில் ஒரு விரல் கனத்துக்குக்கூட வைரம் இல்லை, உள்ளே முழுக்க மெத்தென்ற சோத்தி. முதிர்ந்த பனையின் சிலாகை கறுப்பு நார் நெருக்கமாக ஓடி, கையில் தூக்கினால் பாரமாக இருக்கும், தட்டினால் கணீரென்று கேட்கும். இளம் மரம் வெளிறி, பஞ்சு மாதிரி. அதைக் கூரையில் ஏற்றினால் வண்டு துளைத்து, சில மாரிக்குள் வளைந்துவிடும். பணத்தைத் திருப்பிக் கேட்டோம், வியாபாரியின் தொலைபேசி வேலை செய்யவில்லை. பொலிசில் முறைப்பாடு கொடுத்தோம், இன்னும் ஒரு சதமும் வரவில்லை. மரத்தைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். தெரிந்த ஒரு தச்சரைக் கூட்டிப்போய், அடிமரம் நிற்கும்போதே அடையாளமிட்டு, அந்த மரம்தான் வருகிறதா என்று பாருங்கள். அவருக்குக் கொடுக்கிற ஒரு நாள் கூலி இந்த நட்டத்தோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

ஓலையில் மட்டும் எங்களுக்குக் குறை வரவில்லை. ஊரே சேர்ந்து வெட்டியது. பச்சைப் பனையோலையை வெட்டி, மிதித்துத் தட்டையாக்கி, அடுக்கிப் பாரம் ஏற்றிக் காய வைத்தார்கள். தென்னோலைக் கிடுகு இரண்டு மாரிக்கு மேல் தாங்காது, பனையோலை நெருக்கமாக வேய்ந்தால் அதன் இரண்டு மடங்கு போகும். ஆனால் வேயத் தெரிந்தவர்கள் ஊரில் அறுபதைத் தாண்டியவர்கள்தான். அவர்களோடு நான்கு இளம் பொடியன்களைச் சம்பளம் கொடுத்தே ஏற விட்டோம். அந்தச் செலவைச் சிலர் எதிர்த்தார்கள். அடுத்த முறை ஓலை மாற்ற யார் ஏறுவார்கள் என்று கேட்டேன், பேச்சு நின்றது. இன்னொரு விடயத்தையும் பெரியையாவிடம்தான் கற்றேன். முந்தி வீடுகளில் அடுப்புப் புகை ஓலைக்குள் ஏறி நிற்கும், பூச்சி அண்டாது. விருந்தினர் குடிலில் அடுப்பு இல்லை, ஓலை கெதியாக அரிபடும். அதனால் ஆட்கள் இல்லாத நாட்களில் வேப்பிலை, நொச்சி போட்டுச் சட்டியில் புகை காட்டுகிறோம், ஒருவர் தண்ணீர் வாளியோடு பக்கத்தில் நின்றபடி. ஓலைக் கூரையின் கீழ் நுளம்புத் திரி கொளுத்தக் கூடாது என்பது விதி. நுளம்பு வலை கொடுக்கிறோம்.

சுவரின் அடியைக் கருங்கல்லில் எழுப்பினோம். 2018 மார்கழி வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய அடையாளம் ஒரு மருத மரத்தில் இருந்தது, அதற்கு ஒரு முழம் மேலே. மண் அதற்கு மேல்தான் தொடங்குகிறது. தூண்களும் கல்லின் மேல்தான் நிற்கின்றன, கறையான் ஏறினால் கல்லின் மேல் மண் கோடு தெரியும், அன்றைக்கே தட்டிவிடலாம். கழிவு ஒயில் பூசச் சொன்னவர்கள் பலர். குளத்து மீனை நம்பிப் பத்துப் பதினைந்து குடும்பங்கள் இருக்கிற இடத்தில் அதைச் செய்ய நான் விடவில்லை. வேப்பெண்ணெயும், வலைக்கும் வள்ளத்துக்கும் போடுகிற பனிச்சங்காய்ச் சாறும் பூசினோம். வெளிச்சுவரின் மழைப் பக்கத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து சுண்ணாம்பு எடுப்பித்து, குழியில் நீற்றி, ஈரமாகவே வைத்திருந்து பூசினோம். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி போடாமல் பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். பூசிய பிறகு சாக்கு நனைத்துத் தொங்கவிட்டு மெல்ல மெல்லக் காய விட வேண்டும். குளியலறை, மலசலகூடம் மட்டும் சீமெந்துதான். எந்நேரமும் தண்ணீர் படுகிற இடத்தில் மண் நிற்காது, மலக்குழியைக் குளத்திலிருந்து தள்ளி, மேட்டில் வைத்தோம். முழுக்க இயற்கை என்று விளம்பரத்தில் எழுத வேண்டும் என்பதற்காக குளத்தை அழுக்காக்க எனக்குச் சம்மதமில்லை.

கூலி விடயத்தில் நான் கடுமையாகப் பேச வேண்டியிருந்தது. சிரமதானம் என்றால் வருவதெல்லாம் பெண்கள், சம்பளம் என்றால் முதலில் பெயர் எழுதுவது ஆண்கள். மண் மிதிப்பதும் அப்புவதும் மெழுகுவதும் எங்கள் பெண்கள் செய்த வேலை, அதைக் கையுதவி என்று எழுதி அரைக் கூலி போட்டிருந்தார்கள். பூச்சு வேலை மேசன் வேலைதானே, மேசன் கூலி போடுங்கள் என்று கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன். அதற்காகச் சொந்தக்காரரே சில காலம் என்னோடு பேசவில்லை. மனம் நொந்தது. ஆனால் கூலிப் பதிவில் இப்போது அப்படித்தான் இருக்கிறது. யார் எந்த வேலை, என்ன கூலி என்பதை வேலை தொடங்க முன்னரே மூன்று சங்கத்தின் கையெழுத்தோடு ஒட்டிவிடுங்கள். இடையில் பேசப் போனால் உறவு முறியும்.

கணக்குப் பார்த்தால், கரைந்த சுவரும் மரமும் ஏற்றியிறக்கிய வீண் செலவும் சேர்த்து ஐந்து இலட்சத்துக்கு மேல் போனது, ஒரு சுற்றுலாப் பருவமும் போனது. இப்போது நான்கு குடில்களும் திறந்திருக்கின்றன. சித்திரை மத்தியானத்திலும் உள்ளே படுக்கலாம். அறை வாடகையில் பத்தில் ஒன்றைத் தனிக் கணக்கில் போடுகிறோம், அது ஓலைக்கும் மாரி முடிந்த கையோடு செய்கிற பூச்சுத் திருத்தத்துக்கும் மட்டும், வேறு எதற்கும் எடுக்க மூன்று சங்கத் தலைவர்களும் ஒப்பமிட வேண்டும். முதலாம் குடிலின் வாடைப் பக்கக் கூரை இந்த ஆடியில் மாற்ற வேண்டியிருக்கிறது. ஓலை மிதிப்பதையும் வேய்வதையும் நேரில் பார்க்க விரும்புகிற ஊர்ச் சங்கங்கள் அந்த நேரத்தில் வாருங்கள், சாப்பாடு எங்களுடையது. உங்கள் குளத்து மண்ணில் ஒரு போத்தல் நிரப்பிக் கொண்டுவந்தால் பெரியையாவிடமே காட்டிவிடலாம்.